கவனம் சிதறிய ஒரு வினாடி: இயக்கப் பாடத்தை எதைக் கொண்டு நடத்தலாம்?

பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு இயக்கச் சமன்பாடுகளை நடத்தும்போது, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுவதன் ஆபத்தைப் பாடத்துக்குள் கொண்டுவரலாமா என்று சக ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாகக் கொண்டுவரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலை விபத்துகளில் இறக்கிறார்கள். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதல் காரணம் இதுதான். நம் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்த வயதுக்காரர்கள். ஓட்டும்போது கைப்பேசியைப் பயன்படுத்துபவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. இயக்கப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணத்தை எங்கே போய்த் தேடுவது?

சிக்கல் அடுத்த கேள்வியில்தான். கையில் இருப்பது நாலைந்து பீரியட். எதை வைத்து நடத்துவது? விபத்துக் காணொளி, கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர், ஸ்கேலை விழவிட்டுப் பிடிக்கும் சோதனை, மைதானத்தில் நடந்து அளப்பது, பொம்மைக் கார், கரும்பலகையில் வரைபடமும் கணக்கும் என்று வழிகள் பல இருக்கின்றன. வெவ்வேறு ஆண்டுகளில் இவை எல்லாவற்றையும் செய்து பார்த்திருக்கிறேன். சிலவற்றை விட்டுவிட்டேன், சிலவற்றை விடவே மாட்டேன்.

நான் பார்ப்பது ஒன்றைத்தான். மாணவர் தன் உடம்பிலிருந்து ஒரு எண்ணை எடுக்க வேண்டும். அதைச் சமன்பாட்டில் போட வேண்டும். அது சாலையில் எத்தனை மீட்டர் என்று திரும்பி வர வேண்டும். இந்த மூன்றும் நடந்தால் இயற்பியலும் வரும், பயமும் தானாக வரும். நடுவில் ஏதாவது ஒன்று அறுந்துவிட்டால், ஒன்று அது வெறும் கணக்காகப் போய்விடுகிறது, இல்லாவிட்டால் வெறும் அறிவுரையாகப் போய்விடுகிறது.

விபத்துக் காணொளி

முதல் ஆண்டு நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான். நொறுங்கிய கார், கண்ணாடிச் சில்லு, ஸ்ட்ரெச்சர். வகுப்பு அப்படியே உறைந்துபோனது. பாடம் நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். காணொளி முடிந்து விளக்கைப் போட்டபோது மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் தலையைக் குனிந்து நோட்டின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். வெளியே போகட்டுமா என்று கேட்டாள். அவளுடைய அப்பா சாலையில்தான் இறந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றிலிருந்து அந்தக் காணொளியைப் போடவில்லை.

அந்த ஒரு காரணம் போதும். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. மறுநாள் வகுப்பில், நேற்றுப் பார்த்ததில் என்ன இயற்பியல் இருந்தது என்று கேட்டேன். ‘வேகமாகப் போனால் ஆபத்து’ என்றார்கள். அது இயற்பியல் பாடம் இல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது. மோதிய பிறகு என்ன ஆகும் என்பதைக் காணொளி காட்டுகிறது. மோதலுக்கு முந்தைய இரண்டு வினாடியில் என்ன நடந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய பாடம். அதைக் காணொளி காட்டுவதில்லை, காட்டவும் முடியாது.

இந்தத் தலைப்பைத் தொடும் முன் வகுப்பில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு இழப்பு இருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் விசாரித்துவிடுங்கள். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இதைச் செய்யாமல் தொடங்க வேண்டாம்.

சிமுலேட்டர்

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஸ்டியரிங் பிடிக்கலாம், திரையில் யாரோ குறுக்கே ஓடி வருவார்கள், பிரேக்கை அழுத்தலாம். நல்ல சிமுலேட்டர் கிடைத்து, ஆளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்க முடிந்தால் செய்யலாம். என் தயக்கம் வேறு. எதிர்வினை நேரம் எவ்வளவு என்பதை மென்பொருளே கணக்கிட்டுத் திரையில் காட்டிவிடுகிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று மாணவருக்குத் தெரியாது. சமன்பாட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

அப்புறம், விளையாட்டில் கெட்டிக்காரப் பிள்ளைகள் மூன்றாவது தடவையிலேயே தேறிவிடுகிறார்கள். மெசேஜும் அடித்தேன், மோதவும் இல்லை என்று ஒருவன் சந்தோஷமாகச் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. எந்த இடத்தில் ஆள் குறுக்கே வருவார் என்று அவனுக்கு மனப்பாடமாகிவிட்டது, அவ்வளவுதான். சாலையில் அது முன்கூட்டியே தெரியாது. நான் கற்றுக்கொடுக்க நினைத்ததற்கு நேர் எதிரானதை அவன் கற்றுக்கொண்டு போனான்.

வரைபடத்துக்கு மட்டும் கணினி வேண்டும் என்றால், கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும் இயக்கச் செயல்விளக்கங்கள் நல்லவை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002-இல் தொடங்கிய திட்டம் அது. ஒரு மனிதனைக் கோட்டின் மேல் நடக்கவிட்டால், இடப்பெயர்ச்சி, திசைவேகம், முடுக்கம் மூன்றும் கூடவே வரைபடமாக நகரும். அதில் கவனச்சிதறல் இல்லை. ஆனால் வரைபடம் படிக்கத் தடுமாறும் வகுப்புக்கு அரை பீரியட் ஒதுக்கத் தகுந்தது.

ஸ்கேல் விழும் சோதனை

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செலவு இல்லை, கருவி இல்லை, ஆனால் இதற்குள் ஒளிந்திருக்கும் இயற்பியல் அவ்வளவு.

ஒருவர் ஸ்கேலைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் பிடித்துக்கொள்கிறார். மற்றவர் சுழிக் குறிக்கு நேராகக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் விரித்து வைக்கிறார். சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கேலை விட வேண்டும். பிடித்த இடத்தில் எத்தனை செண்டிமீட்டர் என்று படிக்க வேண்டும். ஓய்விலிருந்து தடையின்றி விழும் பொருளின் தொலைவு, புவியீர்ப்பு முடுக்கத்தின் பாதியைக் காலத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். அதைத் திருப்பிப் போட்டால் காலம். 15 செண்டிமீட்டர் என்றால் 0.175 வினாடி. 20 என்றால் 0.20. 30 என்றால் 0.25.

இங்கேயே ஒரு நல்ல கேள்வி பிறக்கும். 15-இன் இருமடங்கு 30 தானே, நேரம் ஏன் இருமடங்காகவில்லை? நீங்கள் கேட்காவிட்டாலும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும். சீரான முடுக்கம் என்றால் என்ன என்று பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்துப் புரியாதது, அந்த ஒரு கேள்வியில் புரிந்துவிடும். முதல் 10 செண்டிமீட்டர் விழ 0.14 வினாடி ஆகிறது. 20-இலிருந்து 30-க்குப் போக 0.05 வினாடிகூட முழுதாக வேண்டாம். பிழைக்கணக்கும் இதிலேயே வரும். தொலைவைப் படிப்பதில் 5 சதவீதம் தவறு நேர்ந்தால் நேரத்தில் 2.5 சதவீதம்தான் தவறு வரும், ஏனென்றால் வர்க்கமூலம் எடுக்கிறோம். சாதாரண ஸ்கேல், நிறுத்துகடிகாரத்தைவிடத் துல்லியமாக நேரத்தை அளக்கிறது என்பது பிள்ளைகளுக்கு நம்ப முடியாத செய்தி. நிறுத்துகடிகாரத்தை அழுத்தும் விரலுக்கும் அதே எதிர்வினை நேரம் இருக்கிறதே என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

தமிழ் வகுப்பில் படித்த மாத்திரையை இங்கே நினைவுபடுத்துவேன். கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. பிள்ளைகளுக்குக் கிடைத்த 0.2 வினாடியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ‘கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிட்டது’ என்று விபத்தைப் பற்றிச் சொல்கிறோமே, மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி அந்த நேரத்தில் எவ்வளவு போகும்? மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 16.7 மீட்டர். 0.2-ஆல் பெருக்கினால் 3.3 மீட்டர். வகுப்பறையின் அகலத்தில் பாதிக்கு மேல்.

இனி கவனச்சிதறல். சோதனையை மூன்று சுற்றாக வைக்க வேண்டும். முதல் சுற்று சாதாரணம். இரண்டாவது சுற்றில், ஸ்கேலைப் பார்த்துக்கொண்டே 100-இலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்ல வேண்டும்: 93, 86, 79... மூன்றாவதில் ஒரு கையால் கைப்பேசியில் ஒரு வாக்கியம் அடிக்க வேண்டும், மறு கை ஸ்கேலுக்குக் காத்திருக்கும்.

ஒரு மாணவி முதல் சுற்றில் 16 செண்டிமீட்டரில் பிடித்தாள். எண்ணிக்கொண்டே பிடித்தபோது 27. நான் கண்ணை எடுக்கவே இல்லையே என்று என்னிடமே வாதாடினாள். உண்மைதான், கண் ஸ்கேலில்தான் இருந்தது. மனது 72-இலிருந்து ஏழைக் கழித்துக்கொண்டிருந்தது. காதில் மாட்டிக்கொண்டு பேசினால் கை காலியாகத்தானே இருக்கிறது, என்ன ஆபத்து என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டாவது சுற்றுதான் பதில். யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் உடன் ஆய்வாளர்களும் 2001-இலிருந்து வெளியிட்ட ஆய்வுகள் இதையே சொல்கின்றன: கைப்பேசியைக் கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் ஓட்டுபவரின் கவனம் சிதறுவது சிதறுவதுதான்.

மூன்றாவது சுற்றில் அவளுடைய ஸ்கேல் தரையில் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. 30 செண்டிமீட்டர் ஸ்கேலால் அளக்கக்கூடிய நேரம் 0.25 வினாடி வரைதான். அதற்கு மேல் போனால் மீட்டர் ஸ்கேல் வேண்டும், அது 0.45 வினாடி வரை தாங்கும். கருவியின் எல்லை என்ன என்பதையும் இப்படிச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆயிற்று.

ஸ்கேலின் குறையையும் மறைக்கக் கூடாது. அது அளப்பது ஒரு மனிதரின் மிகச் சிறந்த நேரத்தை. ஸ்கேல் விழப்போகிறது என்று தெரிந்து, விரலைத் தயாராக வைத்துக் காத்திருக்கிறோம். சாலையில் அப்படி இல்லை. முதலில் கண் பார்க்க வேண்டும், அது என்ன என்று புரிய வேண்டும், நிறுத்துவதா ஒதுங்குவதா என்று முடிவெடுக்க வேண்டும், ஆக்சிலரேட்டரிலிருந்து கால் பிரேக்குக்குப் போக வேண்டும். இதற்கு ஒரு வினாடி, ஒன்றரை வினாடி ஆகும். அமெரிக்காவில் சாலை வடிவமைப்பவர்கள் பாதுகாப்புக்காக 2.5 வினாடி என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்கேலில் கிடைத்த 0.2 வினாடியை அப்படியே சாலைக்கு எடுத்துக்கொண்டு போன வகுப்பு, ‘எனக்கு 3 மீட்டர் போதும்’ என்ற எண்ணத்தோடு வெளியே போய்விடும். ஒரு வருடம் என் வகுப்பு அப்படித்தான் போனது. அடுத்த பீரியடில் அதைத் திருத்த நிறையப் பாடுபட வேண்டியிருந்தது.

கரும்பலகையும் வரைபடமும்

இது தனி வழி இல்லை, மற்ற எதைச் செய்தாலும் கடைசியில் இங்கே வந்து சேர வேண்டும். ஆனால் இதை மட்டும் வைத்தே பாடத்தை நடத்த முடியுமா என்றால், முடியும். மின்சாரம் இல்லாத வகுப்பறையிலும் முடியும்.

திசைவேகம்–காலம் வரைபடம் ஒன்றைப் போடுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு ஒரு வினாடி கழித்துப் பிரேக் போடுகிறார். அந்த ஒரு வினாடி, கோடு கிடையாக ஓடும். பிறகு சரியத் தொடங்கும். நல்ல டயர், காய்ந்த சாலை என்றால் எதிர்முடுக்கம் வினாடிக்கு வினாடி 7 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்புதான் கடந்த தொலைவு. ஒரு செவ்வகம், ஒரு முக்கோணம். செவ்வகம் 16.7 மீட்டர். முக்கோணம், காலம் வராத மூன்றாவது சமன்பாட்டின்படி, திசைவேகத்தின் வர்க்கத்தை எதிர்முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால் 19.8 மீட்டர். மொத்தம் 36.5 மீட்டர்.

இப்போது அதே சாலை, அதே கார், அதே பிரேக். ஓட்டுநர் ஒரே ஒரு வினாடி கைப்பேசியைப் பார்த்துவிட்டார். எதிர்வினை இரண்டு வினாடி ஆகிவிட்டது. முதல் கார் சரியாக நின்ற இடத்தில், 36.5 மீட்டர் தொலைவில், குறுக்கே ஒரு ஆள் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது கார் அவர் மேல் என்ன வேகத்தில் மோதும்?

இந்தக் கேள்வியை எழுதிவிட்டு விடையைச் சொல்லாமல் பேசாமல் நில்லுங்கள். முதலில் எல்லோரும் ஊகித்துச் சொல்லட்டும். 10 என்பார்கள், 20 என்பார்கள், பாதியாகக் குறைந்திருக்கும், 30 என்பார்கள். பிறகு கணக்கிடச் சொல்லுங்கள். இரண்டு வினாடியில் கார் 33.3 மீட்டர் போய்விட்டது. பிரேக்குக்கு மிச்சம் இருப்பது 3.2 மீட்டர். தொடக்கத் திசைவேகத்தின் வர்க்கமான 277.8-இலிருந்து இரண்டு முறை 7 முறை 3.2-ஐக் கழித்தால் 233. அதன் வர்க்கமூலம் 15.3. மணிக்கு 55 கிலோமீட்டர்.

ஒருவர் நின்றுவிட்ட இடத்தில் இன்னொருவர் 55-இல் மோதுகிறார். வித்தியாசம் ஒரு வினாடி. நான் எத்தனையோ தடவை இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் வகுப்பில் யாராவது ஒருவர் ‘சார், கணக்கு தப்பு’ என்று எழுந்திருப்பார். மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்வேன். பக்கத்தில் இருப்பவர் நோட்டையும் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்வார்.

ஏன் நம்ப முடியவில்லை என்பதையும் வரைபடமே சொல்லும். பிரேக் போட்டால் வேகம் நேரத்தோடு சீராகக் குறைகிறது. ஆனால் தொலைவோடு சீராகக் குறைவதில்லை. முக்கோணத்தின் இடது பக்கம் உயரமானது. பிரேக் போட்ட முதல் சில மீட்டர்களைக் கார் இன்னும் வேகமாக இருக்கும்போதே தின்றுவிடுகிறது. வேகம் பெரும்பாலும் இறங்குவது கடைசி சில மீட்டர்களில். அந்தக் கடைசி மீட்டர்களைத்தான் கவனம் சிதறியவர் இழக்கிறார்.

வேகத்தை மாற்றியும் போடச் சொல்லுங்கள். 30-இல் போனால் செவ்வகம் 8.3, முக்கோணம் 5, மொத்தம் 13.3 மீட்டர். 120-இல் போனால் செவ்வகம் 33.3, முக்கோணம் 79.4. வேகம் இருமடங்கானால் செவ்வகம் இருமடங்கு, முக்கோணம் நான்கு மடங்கு. மழை பெய்து எதிர்முடுக்கம் பாதியானால் முக்கோணம் மட்டும் இருமடங்காகும், செவ்வகம் அசையாது. செவ்வகம் ஓட்டுநருடையது, முக்கோணம் வண்டியும் சாலையும் சேர்ந்தது. எவ்வளவு விலை உயர்ந்த பிரேக்காக இருந்தாலும் செவ்வகத்தைத் தொட முடியாது. இந்தப் பிரிவினை மனதில் பதிந்துவிட்டால் பாடத்தின் முக்கால்வாசி முடிந்தது.

இதன் குறை வெளிப்படையானது. கணக்கில் தேறாத பிள்ளை இதில் தொலைந்துபோகும். எதிர்முடுக்கத்துக்குக் குறைக்குறி போட மறந்து, கார் பிரேக் போட்டபின் வேகம் கூடுகிறது என்று விடை எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. 16.7 மீட்டர் என்ற எண் நோட்டில்தான் இருக்கிறது. அது எவ்வளவு தூரம் என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் மைதானம் வேண்டும்.

மைதானம்

மைதானத்தில் முதல் வேலை, கணக்கில் வந்ததைத் தரையில் போடுவது. சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு. அதிலிருந்து 16.7 மீட்டரில் ஒரு கோடு, 36.5-இல் ஒன்று. அப்புறம் 77 மீட்டரில் ஒன்று. அது ஏன் 77? வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், குறுஞ்செய்தி அடிக்கும் ஓட்டுநர்கள் ஆறு வினாடி இடைவெளியில் 4.6 வினாடி சாலையைப் பார்க்கவே இல்லை என்று தெரிந்தது. கனரக வாகன ஓட்டுநர்களிடம் விபத்தோ நூலிழையில் தப்பிய நிகழ்வோ நேரும் வாய்ப்பு 23 மடங்கு என்றும் கண்டார்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் 4.6 வினாடி என்றால் 77 மீட்டர்.

முதல் கோட்டில் வகுப்பை நிறுத்தி, 77 மீட்டர் கோட்டில் ஒரு மாணவரை நிற்க வையுங்கள். அவ்வளவு தூரத்திலிருந்து அவர் சட்டையில் இருக்கும் பொத்தான் தெரியாது, முகம் தெளிவாகத் தெரியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு அதுவரை வண்டி ஓட்டுவீர்களா என்று கேளுங்கள். என் வகுப்பில் சத்தமே வரவில்லை. நோட்டில் எழுதியபோது இதே 77-ஐ எல்லோரும் சாதாரணமாக அடிக்கோடிட்டு வைத்திருந்தார்கள்.

இரண்டாவது வேலை அளப்பது. மாணவர் ஒருவர் கைப்பேசியில் ஒரு வாக்கியத்தை அடித்தபடி நேர்கோட்டில் நடந்து வர வேண்டும். முன்னால் ஒருவர் எப்போதாவது ஒரு சிவப்பு அட்டையைத் தூக்குவார். அட்டையைப் பார்த்ததும் நடப்பவர் நிற்க வேண்டும். அட்டை தூக்கியபோது அவர் இருந்த இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் இடையே டேப் வைத்து அளக்க வேண்டும். கைப்பேசி இல்லாமலும் அதையே செய்து பார்க்க வேண்டும்.

மனிதர் சாதாரணமாக நடக்கும் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். அதன் பன்னிரண்டு மடங்கு 60. நடையில் ஒரு மீட்டர் தவறினால் காரில் 12 மீட்டர். இந்தப் பெருக்கலைப் பிள்ளைகள் தாங்களாகவே தலைக்குள் போட்டுவிடுவார்கள். ஒருவன் அட்டை தூக்கிய பிறகும் நான்கரை மீட்டர் நடந்து, அட்டைக்காரர் மேலேயே இடித்துக்கொண்டு நின்றான். எல்லோரும் சிரித்தார்கள். ‘54 மீட்டர்’ என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

அட்டையை இரண்டு வினாடி மட்டும் தூக்கிவிட்டு இறக்கிவிடச் சொன்னால் இன்னும் நல்லது. சிலர் அதைப் பார்க்கவே மாட்டார்கள். அவர்களுடைய எதிர்வினை நேரம் எவ்வளவு என்று கேளுங்கள். கணக்கிட முடியாது. ஸ்கேலுக்கும் மைதானத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. ஸ்கேல் மெதுவான எதிர்வினையை அளக்கிறது. மைதானம், எதிர்வினையே இல்லாததைக் காட்டுகிறது. கைப்பேசியில் கண் இருக்கும்போது எதிர்வினை மெதுவாகத் தொடங்கும் என்பதில்லை, அது தொடங்கவே தொடங்காது. கண் திரும்பி வந்த பிறகுதான் அந்த ஒரு வினாடியின் கணக்கே ஆரம்பிக்கிறது.

இதில் நான் கண்டிப்பாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. நடப்பது மட்டும்தான். ஓடக் கூடாது, சைக்கிள் கூடவே கூடாது. சைக்கிளில் செய்தால் இன்னும் நிஜமாக இருக்கும் என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். நாம் எதை ஆபத்து என்று சொல்கிறோமோ அதையே மைதானத்தில் பயிற்சி கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

மைதானத்தின் பலவீனம் துல்லியம். நடை வேகம் மாறும், அட்டை தூக்கிய கணத்தைக் குறிப்பவர் தவறு செய்வார். எண்ணுக்கு எண் பெரிய வித்தியாசம் வரும். இதற்கு ஸ்கேல்தான் மேல். வெயில் வேறு. ஒரு பீரியடில் நாற்பது பேரையும் நடக்க வைக்க முடியாது. ஆறேழு பேர் நடக்க, மற்றவர்கள் அளந்து எழுதுவதுதான் நடக்கும்.

பொம்மைக் கார்

சரிவுப் பலகையில் பொம்மைக் காரை உருட்டிவிட்டு, கீழே ஒரு காகிதக் கோப்பையில் மோதவிட்டு, கோப்பை எவ்வளவு தூரம் தள்ளப்படுகிறது என்று அளக்கலாம். உயரத்தை இருமடங்காக்கினால் கோப்பை தள்ளப்படும் தூரமும் ஏறக்குறைய இருமடங்காகும். வேகமோ இருமடங்காவதில்லை, 1.4 மடங்குதான் ஆகிறது. இயக்க ஆற்றலும் திசைவேகத்தின் வர்க்கமும் இதில் அழகாக வந்துவிடும். கைப்பேசியில் படம் எடுத்து, டிராக்கர் என்ற இலவச மென்பொருளில் சட்டம் சட்டமாக நிறுத்தி இடத்தைக் குறித்தால் திசைவேக வரைபடமும் கிடைக்கும். நல்ல சோதனைதான். ஆனால் இது முழுக்க முழுக்க முக்கோணத்தின் கதை. பொம்மைக் காருக்கு ஓட்டுநர் இல்லை, எனவே செவ்வகம் இல்லை. கவனச்சிதறலுக்கு இதைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தம் இல்லை. ஆற்றல் பாடம் வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாலை உதாரணம் கிடைத்துவிட்டதே என்று எல்லாவற்றையும் அதற்குள் திணிக்க வேண்டாம். எறிபொருள் இயக்கத்தை இதில் கொண்டுவர முடியாது. பாலத்திலிருந்து கார் பாய்வதாகக் கணக்குப் போடுவது பிள்ளைகளின் கவனத்தைக் கெடுக்கும். நேர்கோட்டு இயக்கம், வரைபடம், தடையற்ற வீழ்ச்சி, முன்னால் போகும் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சார்புத் திசைவேகம், இவ்வளவுக்குத்தான் இது இடம் கொடுக்கும். எறிபொருளுக்குப் பந்தே போதும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

ஒரே ஒரு பீரியட்தான் இருக்கிறது என்றால் நான் ஸ்கேலைத்தான் எடுப்பேன். முதல் இருபது நிமிடம் மூன்று சுற்று, மிச்ச நேரம் 55 கிலோமீட்டர் கணக்கு. ஸ்கேலின் 0.2 வினாடிக்கும் சாலையின் ஒரு வினாடிக்கும் உள்ள வித்தியாசத்தை மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மூன்று பீரியட் கிடைத்தால் ஸ்கேல், மைதானம், வரைபடம் என்ற வரிசையில் போகலாம். வரைபடத்தை முதலில் வைத்தும் செய்து பார்த்தேன், எடுபடவில்லை. செவ்வகத்தின் அகலம் என்ன என்பது, தன் ஸ்கேல் தரையில் விழுந்ததைப் பார்த்தவருக்குத்தான் உறைக்கிறது. மைதானம் இல்லாத பள்ளி என்றால் நீளமான தாழ்வாரம் போதும். 77 மீட்டர் கிடைக்காது, 36.5 கிடைக்கலாம். அதுவும் இல்லை என்றால் வகுப்பறைக்குள்ளேயே 3.3 மீட்டரைத் தரையில் சாக்பீஸால் போட்டுவிட்டு, அதைப் போல் பதினோரு மடங்கு என்று சொல்லலாம். நிச்சயமாகக் குறைவுதான், ஆனால் ஒன்றும் இல்லாததற்கு மேல்.

கணக்கில் நல்ல தேர்ச்சி உள்ள வகுப்பு, சோதனைகளுக்குப் பொறுமை இல்லை என்றால் நேராக வரைபடத்துக்கே போய்விடலாம். அவர்களை அந்த 55-ஏ பிடித்துக்கொள்ளும். சிமுலேட்டர் ஏற்கெனவே பள்ளியில் இருந்தால் எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள், அதுவும் திரையில் வரும் எண்ணை நம்பாமல் மாணவர்களே வரைபடம் போட்டுச் சரிபார்க்கும் வேலையாக. விபத்துக் காணொளியை எந்தச் சூழ்நிலையிலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மதிப்பீட்டுக்கு நான் இப்போது கொடுப்பது ஒரே கேள்வி. மணிக்கு 60 கிலோமீட்டர், எதிர்முடுக்கம் 7, தடை 36.5 மீட்டரில். எத்தனை வினாடி தாமதித்தால் ஓட்டுநர் பிரேக்கைத் தொடாமலேயே முழு வேகத்தில் மோதுவார்? பெரும்பாலோர் மூன்று சமன்பாடுகளையும் எழுதி வைத்துக்கொண்டு எதைப் போடுவது என்று தேடுவார்கள். புரிந்துகொண்ட பிள்ளை 36.5-ஐ 16.7-ஆல் வகுத்து 2.2 வினாடி என்று ஒரே வரியில் எழுதிவிடும். அந்தக் கணக்கில் எதிர்முடுக்கத்துக்கும் முக்கோணத்துக்கும் வேலையே இல்லை. செவ்வகம் மட்டும்தான்.